ஐரோப்பாவில் மதியச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள்

ஐரோப்பாவுக்குக் கிளம்புகிறவர்கள் அங்கே என்ன சாப்பிடலாம், எங்கே சாப்பிடலாம் என்று விசாரிக்கிறார்கள். எத்தனை மணிக்குச் சாப்பிடலாம் என்று யாரும் கேட்பதில்லை. நான் பார்த்த வரையில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். உள்ளூர் ஆட்கள் ருசித்துச் சாப்பிடுகிற சாப்பாடு அங்கே மதியத்தில் கிடைக்கிறது, விலையும் அப்போது குறைவு. நம்மவர்கள் பகல் முழுக்க அரண்மனை, தேவாலயம், அருங்காட்சியகம் என்று பிஸ்கட் பாக்கெட்டோடு சுற்றிவிட்டு, சாயங்காலம் ஆறரை மணிக்குப் பசியோடு எதிர்ப்பட்ட உணவகத்தில் நுழைகிறார்கள். அந்த நேரத்தில் திறந்திருப்பது பெரும்பாலும் படம் போட்ட மெனு அட்டையோடு வாசலில் ஆள் நிறுத்திக் கூப்பிடுகிற கடை. அங்கே சாப்பிட்டுவிட்டு, "வெளிநாட்டுச் சாப்பாடு நமக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வேலை நாட்களில் மதியம் சாப்பிட வருகிறவர்கள் பக்கத்து அலுவலகத்துக்காரர்கள், கடைக்காரர்கள், மாணவர்கள். தினமும் வருகிறவர்களுக்கு நேற்றுச் செய்ததைச் சூடாக்கிப் போட முடியாது. அதனால் சமையல்காரர் இரண்டு மூன்று வகையை மட்டும் நிறையச் செய்து இரண்டு மணி நேரத்தில் தீர்த்துவிடுகிறார். ஸ்பெயினில் இதற்கு மெனு டெல் தியா என்று பெயர், போர்ச்சுகலில் பிராட்டு டூ தியா, பிரான்சில் பிளா து ஜூர், வியன்னாவில் மிட்டாக்ஸ்மெனு. வாசலில் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும், அல்லது ஒரு தாளில் கையால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். உள்ளூர் மொழியில் மட்டும் எழுதியிருந்தால் தயங்காமல் உள்ளே போங்கள்.

நானும் அக்காவும் ரயிலில் ஊர் ஊராகப் போனோம். அக்கா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. நான் எல்லாம் சாப்பிடுவேன். ஒரே மேசையில் இரண்டு விதமான சாப்பாடு தேடியதால் பலதும் தெரிய வந்தது.

பிரான்சைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன ஊர்களில் அடுப்பு பன்னிரண்டு மணிக்குப் பற்றவைத்தால் இரண்டு மணிக்கு அணைந்துவிடும். அதற்கு அப்புறம் போனால் காபி கிடைக்கும், சாப்பாடு கிடைக்காது. இரவு ஏழு, ஏழரைக்குத்தான் மறுபடி. தண்ணீர் கேட்கும்போது "கராஃப் தோ" என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாக வைப்பார்கள். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வரும், அதற்குக் காசு. ரொட்டிக்குத் தனிக் காசு இல்லை. ரசீதில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், டிப்ஸ் உங்கள் விருப்பம்.

போலந்துக்குப் போகிறவர்கள் பார் ம்லெச்னி என்கிற பால் உணவகங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெயரில் பார் இருந்தாலும் மதுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1896இல் வார்சாவில் ஒரு நிலக்கிழார் முதல் கடையைத் திறந்தார். பால், முட்டை, மாவு இவற்றைக் கொண்டு செய்த மலிவான சாப்பாடுதான் அங்கே கிடைத்தது. கம்யூனிச ஆட்சிக் காலத்தில் இவை நாடு முழுக்கப் பரவின. இன்றைக்கும் பால், மாவு, காய்கறி கொண்டு செய்யும் உணவுக்கு அரசு மானியம் உண்டு, இறைச்சிக்குக் கிடையாது. அதனால் சைவக்காரர்களுக்கு அங்கே விலையும் மலிவு, வகையும் அதிகம்.

நாங்கள் போனது கிராக்கோவில் பழைய ஊருக்குச் சற்று வெளியே இருந்த ஒரு கடை. உள்ளே பரிமாறுகிறவர் என்று யாரும் இல்லை. சுவரில் பெரிய பலகை, அதில் உணவின் பெயரும் விலையும், படம் கிடையாது. முதலில் கல்லாவில் இருக்கும் அம்மாவிடம் வேண்டியதைச் சொல்லிக் காசு கொடுக்க வேண்டும். அவர் தரும் சீட்டை அடுத்த ஜன்னலில் நீட்ட வேண்டும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள் ஆவி பறக்கும் பாத்திரங்களுக்கு நடுவே நிற்கிறார்கள். தட்டு தயாரானதும் உணவின் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். நாமே போய் எடுத்துக்கொண்டு, சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவுமிடத்து ஜன்னலில் வைத்துவிட வேண்டும். வரிசை வேகமாக நகரும். கல்லாவுக்கு முன்னால் நின்று யோசிப்பதற்கு நேரமில்லை. என்ன வேண்டும் என்பதைப் போனில் எழுதி வைத்துக்கொண்டு வரிசையில் நின்றால் அதைக் காட்டினாலே போதும்.

அக்காவுக்கு பியரோகி ருஸ்கியே வாங்கினோம். நம் வீட்டுச் சோமாஸைப் போல அரைவட்டமாக மடித்து ஓரத்தை விரலால் நசுக்கியிருப்பார்கள், ஆனால் எண்ணெயில் பொரிக்காமல் கொதிநீரில் போட்டு எடுத்தது. உள்ளே மசித்த உருளைக்கிழங்கு, லேசாகப் புளித்த வெள்ளைப் பாலாடைக்கட்டி, வதக்கிய வெங்காயம், தாராளமாக மிளகுத்தூள். முள்கரண்டியால் பிளந்ததும் ஆவியோடு மிளகு வாசனை மேலே வந்தது. கூடவே மிசேரியா என்று ஒரு கிண்ணம், வெள்ளரிக்காயை மெல்லிசாகச் சீவிப் புளித்த கிரீமில் போட்டது. அக்கா கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கும் இங்கேயே வந்துடலாம்டா" என்றார். நான் ஜூரெக் சாப்பிட்டேன். கம்பு மாதிரி ஒரு தானியம் அங்கே உண்டு, ரை என்பார்கள். அதன் மாவைத் தண்ணீரில் கரைத்துச் சில நாள் புளிக்க வைத்துக் காய்ச்சிய சூப், அதில் தொத்திறைச்சித் துண்டும் வேகவைத்த முட்டையும் மிதக்கும். புளிப்புக்குப் பழகிய நாக்குக்கு அது முதல் கரண்டியிலேயே பிடித்துவிடும். குடிக்க கொம்போட், பழங்களை வேகவைத்த தண்ணீர். எல்லாம் சேர்த்தும் சந்தைச் சதுக்கத்து உணவகங்களில் ஆகும் செலவில் பாதி ஆகவில்லை.

பியரோகி வாங்கும்போது சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே இறைச்சி இல்லாவிட்டாலும் மேலே பொரித்த பன்றிக் கொழுப்புத் துணுக்குகளைத் தூவிவிடுவார்கள், அலங்காரம் மாதிரி. "பெஸ் ஸ்க்வாரெக்" என்று கல்லாவிலேயே சொல்லிவிட வேண்டும், அந்தத் துணுக்கு வேண்டாம் என்று அர்த்தம். வெண்ணெய் மட்டும் ஊற்றித் தருவார்கள். பலகையில் சிவப்பாக, சைவமாகத் தோன்றும் பீட்ரூட் சூப்பும் பல சமயம் இறைச்சி வெந்த தண்ணீரில் செய்ததுதான்.

இது போலந்துக்கு மட்டுமான விஷயம் இல்லை. ஐரோப்பா முழுக்க "வெஜிடேரியன்" என்ற சொல் புரிகிறது. ஆனால் பழைய மாதிரிச் சமையலறைகளில் அதற்கு அர்த்தம், தட்டில் கண்ணுக்குத் தெரியும் இறைச்சித் துண்டு இல்லை என்பது மட்டும்தான். அதனால் "இது சைவமா?" என்று பொதுவாகக் கேட்டுப் பிரயோஜனமில்லை. சூப்பு எந்தத் தண்ணீரில் செய்தது, எந்த எண்ணெயில் அல்லது கொழுப்பில் வதக்கியது, மேலே என்ன தூவுவீர்கள் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேள்விகளை அந்தந்த மொழியில் போனில் வைத்திருந்தோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. லிஸ்பனில் ஒரு சமையல்கார அம்மா அக்காவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறந்து காட்டினார்.

பாலாடைக்கட்டி அடுத்த சிக்கல். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இத்தாலியப் பாலாடைக்கட்டி செய்யப் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்க்கிறார்கள். அந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது விதி. கண்டிப்பான சைவக்காரர்கள் பாஸ்தாவின் மேல் அதைத் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. தாவர உறைபொருளில் செய்த வகைகளும் கடைகளில் உண்டு, உறையில் எழுதியிருக்கும்.

வியன்னாவில் மெனு அட்டையில் ஒவ்வொரு உணவுக்குப் பக்கத்திலும் எ, சி, ஜி என்று சின்னதாக ஆங்கில எழுத்துகள் இருந்தன. 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருட்களைப் பற்றி உணவகங்கள் தெரிவித்தே ஆக வேண்டும். ஆஸ்திரியாவில் எ என்றால் கோதுமை வகை, சி என்றால் முட்டை, டி என்றால் மீன், ஜி என்றால் பால். முட்டை சேர்க்காத அக்காவுக்கு அந்த சி பெரிய உதவி. சி இருந்தால் அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஆனால் அந்த 14இல் இறைச்சி கிடையாது, விலங்குக் கொழுப்பும் கிடையாது. எழுத்து எதுவும் இல்லை என்பதால் சைவம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே தண்ணீர் வாங்கும்போது சோடா மாதிரிக் காற்றடைத்ததா, சாதாரணமா என்று பார்த்து வாங்குங்கள்.

தெற்கே போகப் போக அக்காவுக்குச் சாப்பாடு எளிதாகிவிட்டது. பிரான்சின் தென்கோடியில் இருக்கும் நீஸ் நகரத்துத் தெருக்களில் சோக்கா கிடைக்கிறது. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். அகலமான செம்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். மேலே ஆங்காங்கே கருகியும் உள்ளே இளக்கமாகவும் வெளியே வரும்போது சுரண்டி எடுத்துக் காகிதத்தில் போட்டு மிளகுத்தூள் தூவித் தருவார்கள். ஆறினால் ரப்பர், அதனால் புதுத் தட்டு வெளியே வரும் வரைக்கும் நின்று வாங்க வேண்டும். எல்லை தாண்டி இத்தாலியின் ஜெனோவாவில் இதே பண்டம் ஃபரினாட்டா என்ற பெயரில் கிடைக்கிறது.

நேப்பிள்ஸில் அக்காவுக்கு மரினாரா பீட்சா. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும். சீஸும் இல்லை, மீனும் இல்லை. ஏறக்குறைய 480 டிகிரி வெப்பத்தில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால், மாவை உள்ளே வைத்தவர் கையை எடுப்பதற்குள் ஓரம் உப்புகிறது, ஒரு சுற்றுத் திருப்புகிறார், வெளியே எடுத்துவிடுகிறார். இந்தப் பீட்சாக்காரர்களின் கைத்தொழிலை 2017இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. ஓரம் தடித்து, நடுவில் ஈரமாக இருக்கும், அது வேகாதது என்று திருப்பி அனுப்ப வேண்டாம். இத்தாலியில் காபி குடிக்க நின்றுகொண்டே குடிக்கும் மேடையே போதும். உட்கார்ந்தால் பல இடங்களில் விலை கூடும், உணவகத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று கோபெர்த்தோ கட்டணமும் ரசீதில் வரும். அதில் யாரும் ஏமாற்றவில்லை, மெனுவிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

லிஸ்பனில் உட்கார்ந்ததும் ரொட்டி, வெண்ணெய், ஆலிவ், சில சமயம் சீஸ் எல்லாம் கேட்காமலே மேசைக்கு வரும். அதற்குக் காசு உண்டு. வேண்டாமென்றால் தொடாமல், "நாவ், ஒப்ரிகாடு" என்று சொன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாம் கேட்காததையும் தொடாததையும் ரசீதில் சேர்க்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. ஒரு இடத்தில் தொடாத சீஸைச் சேர்த்திருந்தார்கள். சொன்னதும் அதை அடித்துவிட்டுக் கொடுத்தார்கள். இன்னொன்று, தாஸ்கா என்கிற சின்ன உணவகங்களில் அளவு பெரிது. மேயா தோஸ் என்று பாதி அளவு கேட்டாலே ஒரு ஆளுக்குத் தாராளம்.

அங்கே உப்புக் கண்டம் போட்ட காட் மீன், பக்கல்யாவ், பலகை மாதிரி விறைத்துக் கடைகளில் தொங்கும். ஒரு நாளுக்கு மேல் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகுதான் சமைப்பார்கள். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவன் என்பதால் நான் ஆசையோடு போனேன். மீனை உதிர்த்து, மெல்லிய உருளைக்கிழங்கு வறுவலோடும் முட்டையோடும் கிளறிய பிராஸ் வகை, உப்பு நாக்கில் உறைக்காமல் மீனின் ருசி மட்டும் நின்றது. அக்காவுக்குத் தக்காளிச் சோறும் பீன்ஸ் போட்ட சோறும். இரண்டும் மீனுக்குத் துணையாக வைப்பவை, தனியாகக் கேட்டாலும் தருவார்கள். லிஸ்பனின் பெலெய்ம் பகுதியில் 1837 முதல் நடக்கும் கடையில் முட்டைக் கஸ்டர்டு பேஸ்ட்ரியை நான் மட்டும் சூடாகச் சாப்பிட்டேன். இலவங்கப்பட்டைத் தூளைத் தூவிக்கொள்ள மறக்காதீர்கள்.

குழுச் சுற்றுலாவில் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தினமும் ராத்திரி இந்திய உணவகத்தில் சாப்பாடு என்பது வயதானவர்களுக்கு ஆறுதல், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் பல பயணத் திட்டங்களில் மதியம் அவரவர் செலவு என்று விட்டிருப்பார்கள். அந்த நேரத்தைப் பர்கருக்குச் செலவழிக்காமல் இருந்தாலே பாதி ஊரைச் சாப்பிட்டுவிடலாம். ஊரிலிருந்து பொடி எடுத்துப் போகலாம். ஆனால் பால், இறைச்சி சேர்ந்த எதையும் வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. நெய், பால்கோவா, பால் இனிப்புகள் எல்லாம் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமையை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, போலந்தில் பெரும்பாலான மளிகைக் கடைகள் அன்றைக்கு மூடியிருக்கும், ரயில் நிலையத்துக் கடைகள்தான் கதி. சனிக்கிழமை சாயங்காலமே ரொட்டி, தயிர், தக்காளி, பழம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் ஸ்பெயினின் வலென்சியாவில் ஞாயிறு மதியம்தான் வாரத்திலேயே பெரிய சாப்பாடு.

அகலமான சட்டியில் செய்யும் பயேய்யா என்ற சோறு பிறந்த ஊர் அது. நகரத்துக்குத் தெற்கே அல்புஃபேரா என்ற பெரிய காயல், அதைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் நெல் வயல். நடுவில் எல் பல்மார் என்ற சின்ன ஊர், நகரப் பேருந்திலேயே போய்விடலாம். தெரு முழுக்கச் சோற்று உணவகங்கள்தான். வலென்சியாக்காரர்கள் பயேய்யாவை மதியம் சாப்பிடுவார்கள், ராத்திரி சோறு கனம் என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் மதியம் என்பது இரண்டு மணி. வழக்கமான பயேய்யாவில் கடல் மீன் கிடையாது. கோழி, முயல், அகலமான பச்சை பீன்ஸ், கர்ரோஃபோ என்ற பெரிய வெள்ளை மொச்சை வகை, தக்காளி, குங்குமப்பூ. இரண்டு பேருக்குக் குறைந்து செய்ய மாட்டார்கள் என்பதால் நாங்கள் காய்கறிப் பயேய்யா சொன்னோம், காய்கறித் தண்ணீரில்தான் வேக வேண்டும் என்று போனில் முன்பதிவு செய்யும்போதே சொல்லியாகிவிட்டது. முயல் போட்டதை வேறொரு வேலை நாளில் மெனு டெல் தியாவில் ஒரு ஆளுக்கான பங்காகச் சாப்பிட்டேன்.

சொன்ன பிறகு முக்கால் மணி நேரம் ஆகும். சீக்கிரம் வந்தால் அது முன்பே செய்து வைத்தது. அகன்ற தட்டையான இரும்புச் சட்டியில் அரிசி ஒரு விரல் கனத்துக்கு மேல் இருக்காது. அரிசியைப் போட்டுப் பரப்பிய பிறகு கரண்டி படவே கூடாது. தண்ணீர் வற்றியதும் கடைசி நிமிடத்தில் தீயைக் கூட்டுவார்கள். அடியில் படபடவென்று சத்தம் வரும் வரைக்கும் சமையல்காரர் குனிந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றார். அப்படி அடியில் பிடிப்பதற்குத்தான் சொக்கராட் என்று பெயர். பழுப்பும் பொன்னிறமுமாக, எண்ணெய் மினுங்க, சட்டியோடு ஒட்டியிருக்கும். கரண்டியை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டினால் ஏடாகப் பெயர்ந்து வரும். மேல்சோறு மென்மை, அடிச்சோறு மொறுமொறுப்பு, இரண்டையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். பக்கத்து மேசைக் குடும்பம் தட்டே வைத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு மரக்கரண்டியோடு சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் எதிரே உள்ள பங்கை மட்டும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சாப்பிட்டார்கள். நாங்களும் தட்டை ஒதுக்கிவிட்டு அப்படியே சாப்பிட்டோம்.

ஞாயிறு மதியத்துக்குச் சில நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும். இரண்டு மணி என்றால் இரண்டு மணிக்கு இருக்க வேண்டும், சோறு யாருக்காகவும் காத்திருக்காது. நாலரை மணிக்கும் மேசைகள் நிறைந்திருந்தன. ராத்திரிச் சாப்பாடு தேவைப்படாது. நகரத்துக்குத் திரும்பியதும் ஓர்ச்சாட்டா ஒரு தம்ளர் குடித்தோம். கோரை இனத்துக் கிழங்கை அரைத்துப் பிழிந்து சர்க்கரை சேர்த்துக் குளிர வைத்தது, பால் துளியும் கிடையாது. கிழங்கு விளைகிற அல்போராயா பக்கத்திலேயே இருக்கிறது, நேரமிருந்தால் அங்கேயே போய்க் குடிக்கலாம்.